ஜூலியானாவின் குறட்டை

நல்லமுத்து: ...இன்னும் கொஞ்சம் திற, ஜூலி. டிராம் நொழையற அளவுக்கு வேணாம். என் விரல் நொழைஞ்சாப் போதும்.

ஜூலியானா: ஆ...

நல்லமுத்து: கடிச்சிடாதே. போன தடவை கடிச்சது இன்னும் ஆறல.

ஜூலியானா: நான் கடிக்கல டாக்டர். உங்க விரல்தான் குறுக்க வந்துச்சு.

நல்லமுத்து: சரி, என் விரல் மேலதான் தப்பு. இப்பப் பேசாதே லா. பிளேட்டை வெக்கிறேன்... அக்கா, இது ஏறலையே.

அக்னஸ்: எது டாக்டர்?

நல்லமுத்து: பிளேட். மேல்வாய்ல உக்கார மாட்டேங்குது. இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் தூக்குது.

அக்னஸ்: கொஞ்சம் அழுத்திப் போடணும். வீட்டுல நான் அப்படித்தான் போட்டுவிடறேன். ஈரத்தோட வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினா போயிடும்.

நல்லமுத்து: அமுக்கிப் போடறதுக்கு இது என்னா, ஊறுகா ஜாடி மூடியா? நான் கட்டிக் குடுத்த அன்னைக்கு எவ்வளவு லேசா ஏறிச்சு? நீங்களே பாத்தீங்க.

அக்னஸ்: பாத்தேன்.

நல்லமுத்து: சாவி குடுத்தீங்களா?

அக்னஸ்: தவறாம குடுத்தேன். ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போயிட்டு வந்தா மொத வேலை அதுதான். நடுவுல இருக்கிற திருகுல அந்தச் சின்னச் சாவியை விட்டு, நீங்க சொன்னபடி கால் திருப்பு. அதுக்கு மேல ஒரு இம்மி இல்ல.

ஜூலியானா: அம்மா கடிகாரத்துக்குக்கூட மறந்துடுவாங்க டாக்டர். இதுக்கு மறக்க மாட்டாங்க.

நல்லமுத்து: நீ வாயைத் திறந்தே வெச்சுக்க. சாட்சி அப்புறம் சொல்லலாம்... அக்கா, திருகினப்புறம் அதை எங்க வெப்பீங்க?

அக்னஸ்: கிளாஸ்ல தண்ணி ஊத்திப் போட்டு வெப்பேன். ராத்திரி ஜெபம் முடிஞ்சதும் எடுத்து அவ வாயில மாட்டிவிட்டுடுவேன்.

நல்லமுத்து: காலையில யார் கழட்டறது?

அக்னஸ்: காலையில... அவளே கழட்டி வெச்சிருப்பா.

நல்லமுத்து: அவளே.

அக்னஸ்: ஆமா. ஏன் டாக்டர், என்னா விசயம்?

நல்லமுத்து: கோவிச்சுக்காதீங்க அக்கா. பிளேட் அகலமாயிருக்கு, வாய் அகலமாகல. ரெண்டும் சேந்து அகலமாகணும். வாயைத் தள்ளத்தான் பிளேட்டுக்குச் சாவி குடுக்கிறோம். இப்ப பிளேட் மட்டும் தனியா வளந்துக்கிட்டுப் போயிருக்கு. அப்படின்னா என்னா அர்த்தம்?

அக்னஸ்: எனக்கு என்னா தெரியும்?

நல்லமுத்து: பிள்ளை பாயில தூங்கியிருக்கா, பிளேட் வேற எங்கயோ தூங்கியிருக்கு.

அக்னஸ்: இல்ல டாக்டர். நான் மாட்டிவிடாத ராத்திரியே கெடையாது.

நல்லமுத்து: நீங்க மாட்டினதை நான் நம்பறேன். மாட்டினப்புறம் என்னா ஆச்சுங்கறதுதான் கேள்வி. ஜூலி, நீ சொல்லு. இப்ப வாயை மூடிக்கலாம்.

ஜூலியானா: பரவால்ல டாக்டர், திறந்தே வெச்சுக்கறேன்.

நல்லமுத்து: பாத்தீங்களா, எவ்வளவு அடக்கமான பிள்ளை. மத்த நேரம் வாயை மூடச் சொன்னாக்கூட மூட முடியாது அவளால.

அக்னஸ்: அதுக்குத்தானே உங்ககிட்ட கூட்டிக்கிட்டு வந்தேன்.

நல்லமுத்து: சரியாச் சொன்னீங்க. எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்காக இல்ல. இந்த அம்மணியும் கேக்கட்டும்.

அக்னஸ்: என்னா சொல்றது... வாயாலதான் மூச்சு விடுவா. ராத்திரி கொறட்டை. கொறட்டைன்னா இவ வயசுக்கு நம்ப முடியாத கொறட்டை. நடுநடுவுல மூச்சு நின்னுடும், அப்புறம் திக்குன்னு இழுத்துக்கிட்டு வரும். பெரியாஸ்பத்திரியில மூக்குக்குப் பின்னால இருந்த சதையை எடுத்தாங்க. எடுத்தும் முழுசா அடங்கல. அவங்கதான் சொன்னாங்க, வாய் உள்ள ரொம்பக் குறுகலா இருக்கு, சிங்கப்பூர்ல படிச்சிட்டு வந்த பல் டாக்டர் ஒருத்தர் இருக்கார், காட்டுங்கன்னு.

நல்லமுத்து: நான் என்னா சொன்னேன்? ஜூலி, நீதான் நல்லா சொல்வே.

ஜூலியானா: வாயோட கூரைதான் மூக்கோட தரை.

நல்லமுத்து: அப்புறம்?

ஜூலியானா: கூரை குறுகலா இருந்தா மேல் வீட்டுக்கு இடம் பத்தாது. கூரையை அகலமாக்கினா மேல இருக்கிறவங்க நல்லா காலை நீட்டிப் படுக்கலாம்.

நல்லமுத்து: பிளேட்டுக்கு முன்னால ஒரு திட்டு வெச்சிருக்கேனே, அது எதுக்கு?

ஜூலியானா: வாயை மூடறப்ப கீழ்த் தாடை அந்தத் திட்டுல வழுக்கி முன்னால வந்து நிக்கும். தாடை பின்னால போனா நாக்கும் பின்னால போயித் தொண்டையை அடைக்கும். முன்னால நின்னா அடைக்காது.

நல்லமுத்து: பிள்ளை பாடம் படிக்க மாட்டேங்கறான்னு எந்த டீச்சர் சொன்னது?

அக்னஸ்: முழிச்சிருக்கிறப்ப கேட்டதையெல்லாம் சொல்வா டாக்டர். முழிச்சிருந்தாத்தானே. வகுப்புல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காளாம். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்க.

ஜூலியானா: நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்.

நல்லமுத்து: நின்னுக்கிட்டேவா?

ஜூலியானா: குதிரை தூங்குதுல்ல?

நல்லமுத்து: குதிரைக்கு நாலு காலு இருக்கு பாப்பா. அப்புறம்?

ஜூலியானா: விழுந்துட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த காமாரியா மேல. அவ அழுதா, நான் அழல.

அக்னஸ்: பெருமையாச் சொல்றா பாருங்க. இந்த வருசம் தேறலேன்னா மறுபடியும் அதே வகுப்புதான்னு சொல்லிட்டாங்க. அதுகூடப் பரவால்ல. படிப்பு போனா போவுது. மூச்சு...

நல்லமுத்து: ஆமா, மூச்சுதான் முக்கியம். அதனாலதான் நானும் வளவளன்னு பேசிக்கிட்டிருக்கேன். அக்கா, எல்லாப் பிள்ளைக்கும் இப்படிப் பிளேட் போட்டா சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். இவளுக்குச் சரிப்படும். போட்ட மொத வாரம் நீங்களே வந்து சொன்னீங்களா இல்லியா?

அக்னஸ்: சொன்னேன். கொறட்டை நின்னுடுச்சு.

நல்லமுத்து: வகுப்புல?

அக்னஸ்: முழிச்சிருந்தா. டீச்சர்கூட, என்னா ஜூலியானா புதுப் பிள்ளையாட்டம் இருக்கேன்னு கேட்டாங்களாம்.

நல்லமுத்து: அப்ப மருந்து வேலை செய்யுது. செய்யற மருந்தை யாரோ கீழ ஊத்தறாங்க. யாருன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு பேரும் ஏன் தரையைப் பாக்கறீங்க? அங்க எதுவும் எழுதி வெக்கலையே.

அக்னஸ்: நான்தான் டாக்டர்.

ஜூலியானா: இல்ல டாக்டர், நான்தான்.

நல்லமுத்து: ஒருத்தர் ஒருத்தரா வாங்க லா.

அக்னஸ்: நான்தான் கழட்டிடச் சொன்னேன். நடுச்சாமத்துக்கு மேல போட்டிருக்கக் கூடாதுன்னு.

நல்லமுத்து: ஏன், நடுச்சாமத்துல அந்தப் பிளேட்டுக்குப் பேய் புடிக்குமா?

அக்னஸ்: கேலி பண்ணாதீங்க. இவளுக்கு இந்த வருசம்தான் புதுநன்மை குடுத்தாங்க. அன்னைலேருந்து தினமும் காலையில என்கூடப் பூசைக்கு வர்றா, நன்மை வாங்கறா. நன்மை வாங்கறதுன்னா, சாமியார் அந்த அப்பத்தை நாக்குல வெக்கிற வரைக்கும், நடுச்சாமத்துலேருந்து வாயில ஒண்ணும் படக்கூடாது. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்.

நல்லமுத்து: தண்ணி சரி. பிளேட்டு சோறா, கொழம்பா?

அக்னஸ்: வாயில இருக்கிற பொருள்தானே. ஊறுது, எச்சிலை முழுங்கறா. எனக்கு மனசு ஒப்பல.

நல்லமுத்து: தினமும் ஏன் போறீங்க? ஞாயித்துக்கெழமை மட்டும் போனாப் பத்தாதா?

அக்னஸ்: நேந்துக்கிட்டேன். மாதாகிட்ட.

நல்லமுத்து: எதுக்காக?

அக்னஸ்: இவளுக்கு மூச்சு நல்லபடியா வரணும்னு. என்னா டாக்டர், சிரிக்கிறீங்களா?

நல்லமுத்து: இல்ல அக்கா. சிரிக்கல. மூச்சு நல்லா வரணும்னு பூசைக்குப் போறீங்க. பூசைக்குப் போறதுக்காக மூச்சு வர்ற பிளேட்டைக் கழட்டறீங்க. உங்க மாதா என்னாதான் பண்ணுவாங்க, பாவம்.

ஜூலியானா: அம்மா சொல்லல டாக்டர். நானேதான் கழட்டினேன். அம்மாவைத் திட்டாதீங்க.

நல்லமுத்து: யாரும் யாரையும் திட்டல. இதே சந்தேகம் எனக்கு வந்தா நான் யார்கிட்டயாவது கேட்டிருப்பேன். கேட்டீங்களா?

அக்னஸ்: யார்கிட்ட கேக்கறது?

நல்லமுத்து: உங்க சாமியார்கிட்ட.

அக்னஸ்: பாவசங்கீர்த்தனத்துல போயி கித்தா ரப்பர் பிளேட்டைப் பத்திக் கேப்பாங்களா? அவர் என்னா நெனைப்பார்?

நல்லமுத்து: ஒண்ணும் நெனைக்க மாட்டார். அக்கா, நான் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போறவன். உங்க கோயில் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா உங்க சாமியாரோட வாய் எனக்கு நல்லாத் தெரியும்.

அக்னஸ்: என்னா சொல்றீங்க?

நல்லமுத்து: இந்தப் பிள்ளை உக்காந்திருக்கிற இதே நாக்காலியில உக்காந்துதான் மேல்வரிசை முழுக்கக் கட்டிக்கிட்டார். அதுவும் கித்தாதான். இவ பிளேட்டுக்கு எந்த டின்னுலேருந்து எடுத்தேனோ அதே டின்னு.

அக்னஸ்: சாமியாருக்குப் பொய்ப் பல்லா?

ஜூலியானா: அதான் 'ச' சொல்றப்ப விசில் வருது.

அக்னஸ்: ஏய், சும்மா இரு.

நல்லமுத்து: இப்ப நீங்க சொல்லுங்க. தினமும் காலையில அவர்தானே பூசை வெக்கிறார்? அவர்தானே மொதல்ல நன்மை எடுக்கிறார்? அப்பப் பல்லைக் கழட்டிப் பீடத்து மேல வெச்சுட்டா எடுக்கிறார்?

அக்னஸ்: ஐயோ, என்னா பேச்சு இது...

நல்லமுத்து: பல்லு இல்லாம அவர் பிரசங்கம் பண்ணினா ஒரு வார்த்தை உங்களுக்குப் புரியாது. நடுச்சாமத்துலேருந்து அது அவர் வாயிலதான் இருக்கு. அவருக்கு உபவாசம் முறியலேன்னா, இவளுக்கு மட்டும் எப்படி முறியும்? ஆனா இதை நான் சொன்னேன்னு கோயில்ல சொல்லிடாதீங்க. அப்புறம் பாசார்ல பாத்தாக்கூட அவர் என்கிட்ட பேச மாட்டார்.

ஜூலியானா: சாமியார் என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு.

அக்னஸ்: என்னாத்தைச் சொன்னாரு?

ஜூலியானா: பிளேட் போட்டா உபவாசம் முறியாதுன்னு. நான் புதுநன்மைக்கு முன்னாடியே கேட்டேன்மா. அவர் சிரிச்சாரு. பிளேட்டைக் கடிச்சுத் தின்னாத்தான் பாவம்னாரு.

அக்னஸ்: கேட்டியா? என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

ஜூலியானா: நீங்க கேக்கல.

அக்னஸ்: நான் கேக்கலேன்னா...

நல்லமுத்து: இருங்க, இருங்க. எனக்குக் குழம்புது. அக்கா, உபவாசத்துக்காகக் கழட்டச் சொன்னேன்னு நீங்க சொல்றீங்க. ஜூலி, பாவமில்லேன்னு உனக்கு மொதல்லயே தெரியும். அப்ப அம்மா கழட்டச் சொன்னப்பவே, பாவமில்லம்மா, சாமியாரே சொல்லிட்டாருன்னு சொல்லியிருக்கலாமே?

ஜூலியானா: அம்மா சொல்லவே இல்லியே டாக்டர்.

நல்லமுத்து: கழட்டச் சொல்லவே இல்லியா?

ஜூலியானா: இல்ல.

நல்லமுத்து: அக்கா?

அக்னஸ்: இவளைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க டாக்டர்.

நல்லமுத்து: சரி. ஜூலி, எழுந்திரு. வாயைக் கொப்புளிச்சுட்டு வெளி ரூம்ல நர்ஸ்கிட்ட உக்காரு. சலேஹா, இந்தப் பிள்ளைக்கு அச்செடுக்கிற மெழுகு ஒரு துண்டு குடு, குதிரை ஏதாச்சும் செய்யட்டும். நாலு காலு வெச்ச குதிரை.

ஜூலியானா: அம்மாவைத் திட்டப் போறீங்களா?

நல்லமுத்து: அம்மாகிட்ட திட்டு வாங்காம இருந்தாலே எனக்குப் போதும். போ... கதவைச் சாத்திட்டுப் போ.

அக்னஸ்: நல்லா சாத்துடி.

நல்லமுத்து: உக்காருங்க அக்கா.

அக்னஸ்: நிக்கிறேன், பரவால்ல.

நல்லமுத்து: நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பிளேட் இனிமே ஒதவாது. புதுசா அச்செடுத்துக் கட்டணும். கட்டறது எனக்குச் சூசா இல்ல, ஒரு செரமமும் இல்ல. ஆனா அதையும் இப்படித்தான் பண்ணப்போறீங்கன்னா, கட்ட மாட்டேன். ஏன்னா பிள்ளைக்குப் பல்லு மாறிக்கிட்டிருக்கிற வயசு இது. இப்ப எலும்பு நாம சொன்னபடி கேக்கும். வளந்தப்புறம் கெஞ்சினாலும் கேக்காது. இந்தக் காலத்தை விட்டுட்டு, அப்புறம் என்கிட்ட வந்து அழுதா நான் என்னா பண்ண முடியும்?

அக்னஸ்: கட்ட மாட்டேன்னு சொல்லாதீங்க டாக்டர்.

நல்லமுத்து: அப்ப என்னான்னு சொல்லுங்க. யார் கழட்டறா?

அக்னஸ்: அவதான் கழட்டறா. உபவாசம், அது இதுன்னு நான் இங்க உக்காந்து சொன்னது. அவளை நீங்க திட்டிடுவீங்களோன்னு... வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

நல்லமுத்து: அவ கழட்டறது உங்களுக்குத் தெரியும்.

அக்னஸ்: தெரியும். அவளுக்கு வலிக்குது போல. வெளக்கை அணைச்சப்புறம் போர்வைக்குள்ளயே கழட்டித் தலகாணிக்கு அடியில வெச்சுக்கறா.

நல்லமுத்து: தெரிஞ்சும் நீங்க எழுப்பி மாட்டிவிடல.

அக்னஸ்: இல்ல.

நல்லமுத்து: ஆனா சாவி மட்டும் தவறாம குடுத்தீங்க.

அக்னஸ்: ஏதாவது ஒண்ணாவது ஒழுங்காப் பண்ணுவோமேன்னு... சாவி குடுத்தா, பிள்ளைக்கு என்னமோ பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்னு ஒரு எண்ணம்.

நல்லமுத்து: எனக்குப் புரியல அக்கா. ராத்திரி அந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறறதைப் பாத்துத்தானே மொதல் தடவை இங்க வந்தீங்க? மாடிப்படியில நின்னு அழுதீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப அதே திணறல் திரும்பி வந்திருக்கு. எப்படிக் கேட்டுக்கிட்டுச் சும்மா படுத்திருக்கீங்க?

அக்னஸ்: சும்மா படுத்திருக்கல. தூங்கறேன்.

நல்லமுத்து: என்னாது?

அக்னஸ்: அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது தம்பி.

நல்லமுத்து: ...உக்காருங்க அக்கா. நிக்க வேணாம். இந்த நாக்காலியிலயே உக்காருங்க, பரவால்ல.

அக்னஸ்: இவளுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். ரேமண்டு.

நல்லமுத்து: எனக்குத் தெரியாதே.

அக்னஸ்: யார்கிட்டயும் பேசறதில்ல. இவளுக்குக்கூடப் பேர் மட்டும்தான் தெரியும், கல்லறையில படிச்சிருக்கா. அவனும் கொறட்டைதான். அவங்கப்பா அக்கரையில பிறை ரயில்வேயில ஆபீஸ் கிராணி இல்லியா, ஸ்டேசன்ல எஞ்சின் நிக்கிற மாதிரியே இருக்குடான்னு கேலி பண்ணுவார். நாங்க சிரிப்போம். கொறட்டையில என்னா இருக்கு, அப்பல்லாம் யாருக்குத் தெரியும்?

நல்லமுத்து: ம்.

அக்னஸ்: ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சு. இருமல், இழுப்பு. நாள் கணக்கா அவனும் தூங்கல, நானும் தூங்கல. அப்புறம் ஒரு மத்தியானம் அமைதியாயிட்டான். இழுப்பு இல்ல, கொறட்டை இல்ல. பக்கத்து வீட்டு ஜன்னத் வந்து எட்டிப் பாத்துட்டு, பிள்ளை இப்பதான் அசந்து தூங்கறான், எழுப்பாதே அக்னஸ், நீயும் கொஞ்சம் தலையைச் சாய்னு சொன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. நானும் பக்கத்துல படுத்தேன்...

நல்லமுத்து: போதும் அக்கா. சொல்ல வேணாம்.

அக்னஸ்: நான் நல்லாத் தூங்கினேன் தம்பி. கனவுகூட வரல. எழுந்து பாத்தா, வெயிலெல்லாம் போயிருந்துச்சு. அவன் அப்படியேதான் படுத்திருந்தான். அவ்வளவு அமைதியா.

நல்லமுத்து: இந்தாங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க அக்கா.

அக்னஸ்: நீங்க பிளேட் கட்டிக் குடுத்த அன்னைக்கு ராத்திரி இவளுக்கு மாட்டிவிட்டேன். சத்தமே இல்ல. நீங்க சொன்னீங்க, சத்தம் நின்னா சந்தோசப்படுங்கன்னு. அவருக்கு நைட் டூட்டி, பெரிக் கப்பல் ஏறிக் கடல் தாண்டிப் பிறைக்குப் போயிட்டார். வீட்டுல நானும் அவளும்தான். ஒரு சத்தம் இல்ல. மூக்குகிட்ட விரலை வெச்சுப் பாத்தேன். அடுப்புல வெந்து காய்ச்சுப்போன விரலு, அதுல மூச்சு பட்டாத் தெரியுதா? வெளக்கை ஏத்தினேன். நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்தேன். ஏறுது. வெளக்கை அணைச்சேன். மறுபடியும் சந்தேகம். மறுபடியும் ஏத்தினேன். விடியற வரைக்கும் இதேதான்.

நல்லமுத்து: மறுநாளும்?

அக்னஸ்: அந்த வாரம் முழுக்க. அப்புறம் ஒரு ராத்திரி இருட்டுல கொறட்டை கேட்டுச்சு. மாதாவேன்னு திரும்பிப் படுத்தேன். அவ்வளவுதான் தெரியும். காலையில பாத்தா பிளேட் தலகாணிக்கு அடியில இருக்கு. நான் ஏன்னு கேக்கல. மறுநாளும் கேக்கல. தப்புன்னு தெரியும். அவளுக்கு எது நல்லதுன்னும் தெரியும். ஆனா அந்தச் சத்தம் கேட்டா என் புள்ளை இருக்கான்னு... இருக்கான்னு ஒரு தைரியம்.

நல்லமுத்து: உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?

அக்னஸ்: அவருக்கு எதுக்கு? அவரும் அவனைத்தான் நெனைச்சுப்பார்.

நல்லமுத்து: ஜூலிக்கு?

அக்னஸ்: பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பாயில சாஞ்சா அசந்துடுவா. நான் வெளக்கை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததெல்லாம் அவளுக்கு எங்க தெரியப் போகுது?

நல்லமுத்து: ம்... அக்கா, நான் பல்லைப் பாக்கறவன். மனசுக்கு மருந்து சொல்ல எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். சொல்லட்டுமா?

அக்னஸ்: சொல்லுங்க.

நல்லமுத்து: கொறட்டை, மூச்சு இல்ல. மூச்சு போற வழி நெருக்கமாயிருக்கு. அதுல முட்டி மோதிக்கிட்டுப் போற சத்தம்தான் அது. நீங்க கேட்டுட்டு நிம்மதியாப் படுக்கறீங்களே, அந்த நேரத்துல அந்தப் பிள்ளை மூச்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. ராத்திரி பூரா மல்லுக்கட்டிட்டுக் காலையில போயி பெஞ்சு மேல நிக்கிறா.

அக்னஸ்: தெரியுது தம்பி. பகல்ல நல்லாத் தெரியுது.

நல்லமுத்து: பகல்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நான் ராத்திரிக்கு ஒண்ணு தர்றேன். இந்தாங்க, புடிங்க.

அக்னஸ்: என்னா இது, கண்ணாடியா?

நல்லமுத்து: பல்லுக்குப் பின்னால பாக்கற கண்ணாடி. காம்பு நீளமா இருக்கா? அதை என் மூக்குகிட்ட கொண்டாங்க. கூச்சப்படாதீங்க, நானும் உங்க தம்பி மாதிரிதான். இன்னும் கிட்ட... இப்பப் பாருங்க.

அக்னஸ்: மங்கிப் போச்சு.

நல்லமுத்து: அதுதான் மூச்சு. சத்தமில்லாத மூச்சு. தொடைச்சுட்டு மறுபடியும் புடிச்சுப் பாருங்க.

அக்னஸ்: ஆமா... மறுபடியும் மங்குது.

நல்லமுத்து: கண்ணாடி குளிர்ந்திருக்கணும். தண்ணிப் பானைக்குப் பக்கத்துல வெச்சுக்குங்க. உங்களுக்குச் சந்தேகம் வர்றப்பல்லாம் அவ மூக்குகிட்ட புடிங்க. பிள்ளை முழிக்க மாட்டா. எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க, நான் கேலி பண்ண மாட்டேன். கொஞ்ச நாள் போனா கை தானாக் கொறைச்சுக்கும்.

அக்னஸ்: கொறையலேன்னா?

நல்லமுத்து: கொறையலேன்னா வந்து சொல்லுங்க. உக்காந்து பேசுவோம். இந்த வேலையைச் சிங்கப்பூர்ல எனக்குச் சொல்லிக் குடுக்கல, ஆனாலும் பேசுவோம்.

அக்னஸ்: கண்ணாடி உங்களுக்கு வேணாமா?

நல்லமுத்து: என்கிட்ட இன்னும் இருக்கு. பூசைக்கும் போங்க. நேந்துக்கிட்டதை நான் ஏன் கெடுக்கணும்? பிளேட்டோட கூட்டிக்கிட்டுப் போங்க.

அக்னஸ்: இன்னொண்ணு கட்டிக் குடுப்பீங்கல்ல?

நல்லமுத்து: இன்னைக்கே அச்செடுக்கிறேன். ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு. உங்க பக்கத்துக் காரணம் தெரிஞ்சுது. அவ பக்கம் தெரியல. வலிக்குதுன்னா எங்க குத்துதுன்னு பாத்து, புதுசுல இழைச்சுக் கட்டணும். இல்லேன்னா அதையும் கழட்டுவா... ஜூலி. இங்க வா.

ஜூலியானா: டாக்டர், குதிரைக்கு மூணு கால்தான் வந்துச்சு. மெழுகு பத்தல.

நல்லமுத்து: பரவால்ல, ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும். ஏறி உக்காரு.

ஜூலியானா: அம்மா அழுதாங்களா?

அக்னஸ்: இல்லடி. டாக்டர் மருந்து வாசனை, கண்ணைக் கரிக்குது.

ஜூலியானா: டாக்டர், திட்ட மாட்டேன்னு சொன்னீங்க.

நல்லமுத்து: திட்டல. உங்கம்மாவுக்கு ஒரு சாமான் குடுத்திருக்கேன், வீட்டுக்குப் போயிக் காட்டுவாங்க. இப்ப நான் கேக்கறதுக்கு நெசத்தைச் சொல்லு. சாமியார் பேர் சொல்லித் தப்பிக்கக் கூடாது. பிளேட்டைக் கழட்டறது நீதானே?

ஜூலியானா: ஆமா.

நல்லமுத்து: எங்க வலிக்குது? விரலை வெச்சுக் காட்டு.

ஜூலியானா: எங்கயும் வலிக்கல.

நல்லமுத்து: இறுக்கிப் புடிக்குதா?

ஜூலியானா: இப்பதான் இறுக்குது. மொத வாரம் ஒண்ணுமே தெரியல. நல்லாத் தூங்கினேன். கனவுல எல்லாம் ஓடினேன்.

அக்னஸ்: வலிக்கலையா? நல்லாத் தூங்கினியா?

ஜூலியானா: தூங்கினேன்மா. நடுவுல மட்டும் வெளிச்சம் பட்டு முழிச்சுக்குவேன்.

நல்லமுத்து: நல்லாத் தூங்கறேன்னா, அப்புறம் ஏன் பாப்பா கழட்டறே?

ஜூலியானா: பிளேட் போட்டா எனக்குச் சத்தம் வராது டாக்டர். சத்தம் வரலேன்னா அம்மா படுக்கவே மாட்டாங்க, வெளக்கை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க... காலையில அடுப்படியில நின்னுக்கிட்டே தூங்குவாங்க. கழட்டிட்டுக் கொறட்டை விட்டா ஒடனே தூங்கிடுவாங்க. சில நாளு எனக்குத் தூக்கம் வராது, அப்பவும் விடுவேன்... அம்மா தூங்கற வரைக்கும் சும்மாவாச்சும் விட்டுக்கிட்டே இருப்பேன்.